ஒரே மேக், இரண்டு ப்ளூடூத் ஹெட்போன்

ராத்திரி யார் தூக்கமும் கெடாமல் நானும் மனைவியும் படம் பார்க்க உட்கார்ந்தால், இரண்டு ஹெட்போனும் மேக் கணினியில் இணைந்ததாகக் காட்டுகிறது, சத்தமோ ஒன்றில் மட்டும்தான். துண்டித்து இணைத்தே அரை மணி நேரம் போச்சு. அப்புறம் மேக்கிலேயே இருக்கும் 'ஆடியோ மிடி செட்டப்' செயலியைத் திறந்து, கீழே இடது மூலையில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, 'மல்டி அவுட்புட் டிவைஸ்' (ஒரே சத்தத்தைப் பல கருவிகளுக்கு அனுப்பும் அமைப்பு) ஒன்றை உருவாக்கி, இரண்டு ஹெட்போனுக்கும் டிக் போட்டேன். இரண்டாவதற்கு மட்டும் 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' டிக்கும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டின் உள் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சத்தம் ஒன்றுக்கொன்று முன்பின்னாகிவிடும். கடைசியில் சவுண்ட் அமைப்பில் அவுட்புட்டாக அந்த மல்டி அவுட்புட் டிவைஸையே தேர்ந்தெடுக்க வேண்டும் (இதை மறந்துவிட்டு இன்னொரு பத்து நிமிடம் முழித்தேன்). சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கீபோர்டு உதவாது, அந்தந்த ஹெட்போன் பொத்தான்தான். அவளுக்குக் குறைவாக வேண்டும், எனக்கு அதிகமாக, அதனால் அதுவும் வசதியாகவே போயிற்று.