கருப்பட்டிக்கு ஓலை, பொடிக்குத் தூக்கு: கவரும் பாட்டிலும் இல்லாமல் பொதிவது எப்படி?

பிளாஸ்டிக் கவரை விடுவது என்று முடிவானதும் பலர் அதே வடிவத்தில் இன்னொரு கவரைத் தேடுகிறார்கள். 'மக்கும் பை' என்று எழுதியதை வாங்கிவிட்டு நிம்மதியாகிறார்கள். சோள மாவிலிருந்து செய்வதாகச் சொல்லும் பைகளில் பலவும் மக்க வேண்டுமானால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு விடாமல் இருக்கும் உரக்கூடம் வேண்டும். கொல்லைக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும். காகிதக் கப்பும் அப்படித்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் அதுவும் இருக்கிறது.

நான் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி, எள்ளுருண்டை, பருப்புப்பொடி, கொஞ்சம் ஊறுகாய் விற்கிறேன். இந்த நாலுக்கும் ஒரே பொதி கிடையாது. சரக்கு எதனால் கெடுகிறது என்று முதலில் பாருங்கள்: ஈரத்தாலா, எண்ணெய் கசிவதாலா, வாசனை போவதாலா, எறும்பாலா? பொதி என்ன என்பது அதற்கப்புறம் தானே தெரியும்.

பனையோலைப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்ததும் அதிகம் அதுதான். கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கிழங்கு, கடலை மாதிரி கட்டியான, உலர்ந்த சரக்குக்கு இதை மிஞ்சியது இல்லை. காற்று உள்ளே போய் வரும், புழுங்காது. கவரில் கட்டின கருப்பட்டி வெயிலில் வேர்த்துக் கொழகொழப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையில் அது நடக்காது. ஆனால் காற்று வரும் வழியில் ஈரமும் வரும். எங்களுக்குப் பெட்டி முடைந்து தரும் ஆச்சி இதைச் சொல்வது இப்படி: "ஓலை மூச்சு விடும் தாயி, அதுல பொடியப் போட்டா நமுத்துத்தான் போவும்."

வாங்கும்போது குருத்தோலையா, சாரோலையா என்று கேளுங்கள். குருத்தோலை வெளுப்பாக, மெல்லியதாக இருக்கும். கால் கிலோ, அரைக் கிலோ சின்னப் பெட்டிக்கு அழகு. கனமான சரக்குக்கு முற்றின சாரோலைதான் தாங்கும். ஐந்து கிலோவுக்கு மேல் என்றால் மட்டை நாரில் முடைந்த நார்ப்பெட்டி கேளுங்கள். சாயம் போட்ட ஓலை கண்ணுக்கு நன்றாக இருக்கும், உணவுக்கு வேண்டாம். ஈரக்கையோடு தொட்டாலே சாயம் விடுகிற பெட்டிகள் உண்டு.

ஆர்டரை ஆடி, ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் முன்பணத்தோடு. தீபாவளிக்குத் தேவை என்று ஐப்பசியில் போய் நின்றால் மழை வந்திருக்கும், ஓலை காயாது, காயாத ஓலையில் முடைந்த பெட்டி பூஞ்சை பிடிக்கும். வந்த பெட்டியை அப்படியே அடுக்காதீர்கள். மூடியைக் கழற்றி நல்ல வெயிலில் போட்டு எடுங்கள். முகர்ந்து பார்த்தால் காய்ந்த ஓலை வாசம் மட்டும் வர வேண்டும். மக்கின வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். விறகடுப்பு இருப்பவர்கள் அதற்கு மேலே கட்டித் தொங்கவிடலாம், புகை பட்ட பெட்டியைப் பூச்சி சீக்கிரம் அண்டாது.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓலை மழைக்கு ஈரம் குடித்துக் கனக்கும், கோடையில் லேசாகும். அதனால் பெட்டியோடு நிறுத்துப் பெட்டி எடையைக் கழிக்கிற கணக்கு சரிவராது. சரக்கைத் தனியாக நிறுத்து உள்ளே வையுங்கள். ஓலையில் லேபிளும் ஒட்டாது. எடை, தேதி, உணவு உரிம எண் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் அச்சடித்து, துளை போட்டு, வாழைநாரில் கட்டிவிடுகிறேன்.

எள்ளுருண்டை, அதிரசம் மாதிரி எண்ணெய் கசிகிறவை நேரடியாக ஓலையில் போனால் பெட்டி கறுத்துப் போகும். உள்ளே வாழைச்சருகு போடுங்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தோட்டங்களில் சொல்லி வைத்தால் சுத்தமானதாக எடுத்துத் தருவார்கள். சருகு மொடமொடவென்று உடையும். முந்தின ராத்திரி தண்ணீர் தெளித்து, சாக்கில் சுருட்டி வைத்தால் காலையில் துணி போல மடங்கும். பெட்டி அளவுக்கு மடித்து, மடித்தபடியே வெயிலில் காயவிட்டு, அப்புறம்தான் சரக்கு. அன்றே சாப்பிடப் போகிற பலகாரத்துக்கு மந்தாரை இலை போதும். தேக்கிலையும் பெரியது, வலுவானது, ஆனால் இளம் இலை சிவப்பாகச் சாறு விடும். வெள்ளைப் பலகாரத்தில் அது கறையாகத்தான் தெரியும். நாளிதழில் மட்டும் எதையும் சுற்றாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 பொதிதல் விதிமுறைகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

பொடிக்கு இலை, ஓலை, துணி எதுவுமே உதவாது. வாசனை போய்விடும், ஈரம் ஏறிவிடும். பொடிக்கு இயற்கைப் பொதி தேடி அலைவது வீண் வேலை என்பது என் கட்சி. சுற்றுவட்டார வாடிக்கையாளர்களிடம் மூடி இறுகின எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன், இல்லாதவர்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு என் தூக்கைக் கொடுக்கிறேன். தூரத்து ஊருக்குப் பொடி அனுப்புவதில்லை.

ஊறுகாய்க்கு மண்பானை கேட்கிறார்கள். வேண்டாம். பூச்சில்லாத மண்ணில் உப்பு ஊறி வெளியே பூத்து, ஓடு பொரிந்து உதிரும். மண் கலயம் தயிருக்குத்தான் பொருத்தம். கலயத்தின் உடம்பு வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் தயிர் கெட்டிப்படும், குளுமையாகவும் இருக்கும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. கண்ணாடி பாட்டிலை ஒருதரம் வாங்கிக் குப்பையில் போடுவதுதான் தப்பு, கழுவித் திரும்ப நிரப்பினால் அதுவும் நல்ல பாத்திரம்தான். சுரைக்குடுக்கையில் பதநீர் இறக்கின காலம் உண்டு, மூங்கில் குழாயில் தேன் வைத்ததும் உண்டு. கடைச் சரக்குக்கு இன்று அவை தோதுப்படாது: உட்புறத்தைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.

எதை முடிவு செய்தாலும், சரக்கைப் பொதிந்து அடுப்படியில் ஒரு வாரம், கடை அலமாரியில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இதை மழைக்காலத்திலும் ஒருமுறை செய்துவிடுங்கள், கோடையில் தேறினது ஐப்பசியில் தேற வேண்டும் என்பதில்லை. மழை நாட்களில் நான் கருப்பட்டியைக் காய்ந்த சருகில் சுற்றித்தான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

பார்சலுக்கு அட்டைப்பெட்டி, தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப். இடைவெளியில் தேங்காய்நாரை அடையுங்கள், குமிழ் கவர் தேவைப்படாது. வைக்கோலும் தாங்கும்தான், ஆனால் அதோடு பூச்சியும் போய்ச் சேரும். வெளிநாட்டுக்கு என்றால் வைக்கோல் கூடவே கூடாது; பல நாடுகளில் தாவரச் சோதனையில் பார்சலையே நிறுத்திவிடுவார்கள். ஓலைப்பெட்டிக்கும் அந்த நாட்டு விதி என்ன என்று அனுப்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.