வார்டு பூங்காவில் வருடம் முழுக்க நிகழ்ச்சி நடத்துவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் புதிதாக உருவான நகர்களில் ஒரு சின்னப் பூங்கா இருக்கும். ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், சுற்றி நடைபாதை, நாலு சிமெண்ட் பெஞ்ச். காலையில் நடக்கிறவர்கள் வருவார்கள், சாயங்காலம் கொஞ்சம் குழந்தைகள், மற்ற நேரத்தில் பூட்டியோ காலியாகவோ கிடக்கும். அந்த இடத்தில் வருடம் முழுக்க குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சி நடத்த முடியும், அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் துறை என்று நம் ஊரில் ஒன்று கிடையாது. பூங்கா மாநகராட்சி கையில், விளையாட்டுப் பயிற்சி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம், பாட்டும் ஓவியமும் கலை பண்பாட்டுத் துறையிடம், புத்தகம் நூலகத் துறையிடம். இத்தனையையும் ஒரு பூங்காவுக்குள் கொண்டுவந்து சேர்க்கிற வேலையைத் தெருக்காரர்கள்தான் செய்யவேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் போடுகிற அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே போட்டால் ஆள் வராது. நம் ஊருக்குத் தண்ணீர் வருகிற நாள், நடவு, அறுப்பு, மழை, பரீட்சை என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை ஒட்டித்தான் தேதி குறிக்க வேண்டும்.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள்

பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் இடமாகவே கொடுத்தாக வேண்டும், பணமாகக் கட்டித் தப்பிக்க முடியாது. பேச்சில் ஓஎஸ்ஆர் இடம் என்பார்கள், திறந்தவெளி ஒதுக்கீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. உங்கள் நகரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த இடம் குறித்திருக்கும், அதன் நகல் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முள் மண்டிக் கிடக்கும் ஒரு மூலை உண்மையில் பூங்காவுக்கென்று விட்ட இடம் என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும்.

அப்புறம் மனு. மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எந்தப் பூங்கா, எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவார்கள், மைக் உண்டா இல்லையா, முடிந்த பிறகு யார் சுத்தம் செய்வார்கள். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். குப்பையை நாங்களே பிரித்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும். மனுவைக் கொடுத்து ஒரு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மைக் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கவேண்டும், இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

2022 முதல் நகர்ப்புறங்களிலும் கிராம சபை மாதிரி பகுதி சபைக் கூட்டம் உண்டு. அதற்குத் தெருக்காரர்கள் அதிகம் போவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் பூங்காவுக்கு விளக்கு வேண்டும், கழிப்பறை வேண்டும் என்று கேட்க அதைவிடச் சரியான இடம் கிடையாது. கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய வேலையாக, சுற்றுச்சுவர், நடைபாதை என்று வந்தால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

மே மாதம்

எல்லோரும் கோடை முகாமில்தான் தொடங்குவார்கள், நீங்களும் அதிலேயே தொடங்கலாம். ஆனால் மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிடும், அதனால் காலை 6 முதல் 8 வரை, சாயங்காலம் 5 மணிக்கு மேல் என்று மட்டும் வையுங்கள். பத்து மணிக்கு ஓவியப் போட்டி, பன்னிரண்டு மணிக்குப் பரிசளிப்பு என்று வைத்துக் குழந்தைகளை வெயிலில் வரிசையில் நிறுத்துவதை தயவுசெய்து செய்யாதீர்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் பரிசை அங்கிருக்கிற ஒரு பாட்டி கையால் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

விளையாட்டு கற்றுக்கொடுக்க நீங்களே ஆள் தேட வேண்டியதில்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறது. தஞ்சாவூர் என்றால் அன்னை சத்யா விளையாட்டரங்கம், திருச்சி என்றால் அண்ணா விளையாட்டரங்கம், அங்கே உள்ள அலுவலகத்தில் ஏப்ரல் நடுவிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பத்துக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, 5 வயது முதல் 16 வயது வரை சேரலாம். உங்கள் தெருப் பிள்ளைகளை அங்கே அனுப்பிவைத்து, கற்றுக்கொண்டதை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் செய்துகாட்டச் சொல்லுங்கள். இரண்டு பாட்டு, ஒரு சிலம்பச் சுற்று போதும், பார்க்க வருகிற கூட்டம் தானாகச் சேரும்.

ஆடி

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து ஊருக்குள் வருகிற நாளிலிருந்து நம் பக்கத்தில் எல்லாம் சூடு பிடிக்கும். ஆடி பதினெட்டுதான் இந்தப் பருவத்தின் பெரிய நாள், ஆனால் அன்றைக்குப் பூங்காவில் எதுவும் வைக்கவேண்டாம், எல்லோரும் ஆற்றுக்குத்தான் போவார்கள், போகவும் வேண்டும். அதற்கு முந்தின சனி ஞாயிறைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்கும் குட்டித் தேரான சப்பரம் செய்யக் கற்றுக்கொடுங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் சப்பரத்தட்டி இழுத்ததே இல்லை. கடையில் வாங்கிக் கொடுக்காமல் செய்யவிட்டால் அதன் ருசியே வேறு. செருப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்று அடித்தளம், தட்டையாக நறுக்கிய நான்கு மூங்கில் குச்சி தூண்கள், மேலே முக்கோணமாக மடித்த அட்டை. சக்கரத்துக்குத் தடித்த அட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அச்சுக்கு நேரான ஈர்க்குச்சி அல்லது சைக்கிள் கம்பி. பசைக்கு மைதாவைக் காய்ச்சி ஆறவைத்து எடுத்துவாருங்கள். பிள்ளைகள் கலர் பேப்பர் ஒட்டுவதில் மும்முரமாகிச் சக்கரத்தை மறந்துவிடுவார்கள், அச்சு கோணினால் சப்பரம் பத்தடி ஓடாது, அதனால் சக்கரம் சுற்றுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அலங்காரம் என்று ஒரே கண்டிப்பு வையுங்கள். பக்கத்தில் இரண்டு பாட்டிமாரை உட்கார வையுங்கள். "எங்கள் காலத்தில் கயிறு இவ்வளவு நீளமா வைக்கமாட்டோம் தம்பி, கவுந்துடும்" என்று அவர்கள் சொல்வதில் பாதி வேலை முடிந்துவிடும்.

அதே நாளில் அரைமணி நேரம் ஆற்றைப் பற்றிப் பேசுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஆடிப்பெருக்கில் படித்துறை இருக்கிற இடத்தில் மட்டும் இறங்கவேண்டும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு புஷ்ய மண்டபம், மயிலாடுதுறை துலாக்கட்டம் மாதிரி படியுள்ள இடங்களில்கூடப் பாசியில் கால் வழுக்கும். புது ஆற்றில் இழுவை அதிகம், கரை சரிவு, பிடித்து ஏற ஒன்றும் இருக்காது, அதில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நீச்சல் தெரிந்தவன் கையை நீட்டிக் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் போன கதை நம் ஊரில் உண்டு. கயிறு, துண்டு, மூடிய காலி கேன் எதையாவது வீசவேண்டும் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே செய்துபார்க்க வையுங்கள். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கேட்டால் அவர்களே வந்து செய்முறையாகக் காட்டுவார்கள்.

ஒரு விஷயம், ஆடியில் மைக் செட் கிடைப்பது கஷ்டம், எல்லாம் அம்மன் கோயில்களுக்குப் போயிருக்கும். மைக் இல்லாத நிகழ்ச்சியாகவே திட்டமிடுங்கள். நடவு நடக்கிற வாரங்களில் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் ஓய்ந்துபோய்த்தான் திரும்புவார்கள், அந்த வாரங்களில் கோலப் போட்டி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று குறைப்படக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை

மழைக்காலத்தில் பூங்காவில் நிகழ்ச்சி வேண்டாம். அக்டோபர் தொடங்கும்போதே செய்யவேண்டிய வேலை வேறு. கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது நம் பக்கத்தில் மரங்கள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தவர்கள் நாம். காய்ந்த கிளை, உளுத்துப்போன தூங்குமூஞ்சி, ஊஞ்சலுக்கு மேல் சாய்ந்திருக்கும் கொம்பு இவற்றைப் படம் எடுத்து மாநகராட்சிக்குக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். புல்லை ஒட்ட வெட்டுங்கள், மழையில் பாம்பு மேட்டுக்கு ஏறிவரும். உடைந்த விளையாட்டுச் சாமானில் தேங்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள், கொசு அங்கேதான் முட்டையிடும். கன்று நடுவதாக இருந்தால் செப்டம்பர் கடைசிக்குள் நட்டுவிட்டால் மழையே பார்த்துக்கொள்ளும். புங்கன், மகிழம், நாவல், பூவரசு, மருதம் வையுங்கள், காற்றில் பட்டென்று முறியும் செம்மயிற்கொன்றையை (குல்மோகர்) குழந்தைகள் விளையாடும் பக்கம் வைக்காதீர்கள்.

நிகழ்ச்சியைச் சமுதாயக் கூடத்துக்கோ கிளை நூலகத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம், ஐந்தாங்கல் எல்லாம் மழை நாளுக்கென்றே உண்டான ஆட்டங்கள். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஒரு வேன் பிடித்து வடுவூர் ஏரிக்குப் போய்வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழிதான். நவம்பர், டிசம்பரில் ஏரி நிறைந்திருக்கும்போது நாரை, அரிவாள்மூக்கன், தாரா என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். 2022-இல் இதற்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. விடியற்காலையில் போங்கள், வெள்ளை, சிவப்பு சட்டை போடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், ஸ்பீக்கர் பெட்டியைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பொங்கல்

பொங்கல் அன்றைக்குப் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், காணும் பொங்கலுக்குக் கல்லணையும் பூம்புகாரும் கூப்பிடும். போகிக்கு முந்தின ஞாயிறுதான் சரியான நாள். காலையில் எல்லோரும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கல், பிறகு விளையாட்டு. மியூசிகல் சேர், லெமன் ஸ்பூன் இருக்கட்டும், ஒரு கிளித்தட்டாவது கட்டாயம் வையுங்கள்.

தரையில் முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை அடக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே கோடு அழிந்து சண்டை வரும். பிறகு சுண்ணாம்புத் தூளால் நீளமான ஒரு பெரிய கட்டம், நடுவே நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஆள் கணக்குக்கு ஏற்றபடி கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் காவல், அவர் அந்தக் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடி மறிக்கும். எதிரணி ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி அந்தப் பக்கம் போய் திரும்ப வரவேண்டும். கடைசிவரை போய்த் திரும்புகிறவர் பழம், இன்னும் போய்க்கொண்டிருப்பவர் காய். இந்தப் பழம், காய் விதியெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் தொடங்கும் முன்பே இரண்டு அணியையும் கூப்பிட்டு உரக்கச் சொல்லிவிடுங்கள். பெண்கள் அணி ஒன்று தனியாக வையுங்கள். முதலில் கூச்சப்பட்டு நிற்கிற அக்காமார்தான் கடைசியில் இன்னொரு ஆட்டம் என்று கேட்பார்கள். நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் நிழலில் தாயக்கட்டம் ஒன்று போட்டுவையுங்கள், வேடிக்கை பார்க்க மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் எதுவும் வேண்டாம். சம்பா அறுப்பும் பொதுத்தேர்வும் சேர்ந்து வரும், ஊருக்கு வெளியே உள்ள திடல்களில் நெல் காயும். பூங்கா விளக்கை மட்டும் இரவு ஒன்பது வரை எரியவிடச் சொல்லிக் கேளுங்கள், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள்.

செலவு

பரிசுக்குக் கோப்பை வாங்காதீர்கள், அது பரணில்தான் தூங்கும். எவர்சில்வர் கிண்ணம், டிபன் பாக்ஸ், பேனா பெட்டி வாங்குங்கள், கலந்துகொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பென்சிலாவது கொடுங்கள். குடிக்க நீர்மோரும் பானகமும், சாப்பிட வாழை இலை அல்லது மந்தாரை இலை. பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் தட்டு 2019 முதல் தடை, மனுவில் சுத்தம் செய்வோம் என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் வைக்காமல், ஒருவர் மோர், ஒருவர் பந்தல், ஒருவர் சுண்ணாம்பு என்று பொருளாகவே கேளுங்கள், கொடுக்க முடியாதவர் கோடு போட வரட்டும். பணமாக வந்ததற்கு ரசீது கொடுத்து, வரவு செலவை அந்த வாரத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டுவிடுங்கள். பில் இல்லாத செலவு இருந்தால் அதையும் என்ன ஏதென்று எழுதிப் போடுங்கள், கேள்வி வந்தால் குழுவிலேயே பதில் சொல்லுங்கள்.