வெள்ளம் வடிந்த முதல் ஞாயிறு: பிரசங்கமும் பந்தியும்

நம்ம பக்கம் பெருமழை பல வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான அட்வெந்துக் காலத்தில் வரும். வடகிழக்குப் பருவமழையின் கணக்கு அப்படி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தைத் தாமிரபரணி மூழ்கடித்த 2023 மழை பிடித்தது டிசம்பர் 17, ஞாயிறு. அடுத்த ஞாயிறு 24ஆம் தேதி. மழையே இல்லாமல் வந்த 2004 சுனாமியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைதான். அப்படிப்பட்ட வாரத்தில் ஞாயிறு பிரசங்கத்துக்காக உட்கார்ந்து வேத விளக்கவுரை புரட்ட நேரம் கிடைக்காது. கரண்ட் இருக்காது, போனில் சார்ஜும் இருக்காது. அதனால் அக்டோபரிலேயே ஆயத்தம் பண்ணிவிட வேண்டும்.

சங்கீதம் 69, மாற்கு 4:35-41, லூக்கா 13:1-5, மத்தேயு 2:16-18 ஆகிய பாடங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஈரமான வேதாகமத்தின் தாளைப் பிரித்தால் கையோடு வந்துவிடும். கோயில் அசனத்துக்கான, அதாவது சபையின் பொது விருந்துக்கான, பாத்திரங்கள் இருக்கும் அறையில், தரைக்கு இரண்டடி மேலே, காய்ந்த விறகு கொஞ்சம் அடுக்கி வையுங்கள். நனைந்த பனைமட்டை எரியாது, புகைதான் மிஞ்சும்.

பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கையால் எழுதினால் முழுத்தாளில் நான்கு பக்கம் போதும். மைக் இல்லாத கோயிலில் நீண்ட வாக்கியம் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற வாக்கியமாக எழுதுங்கள். முதல் இரண்டு நிமிடம் நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும். எந்தக் குளம் உடைந்தது, எந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் ஏறியது, வாழை போனது, ஆடு போனது. "பெரும் துயரம் நேர்ந்திருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் ஆடு இழந்தவருக்கு அது தன் ஆடாகத் தெரியாது. அப்புறம் பாடத்துக்கு வாருங்கள். மாற்கு 4இல் படகு புயலில் தத்தளிக்கிறது, இயேசு தூங்குகிறார். பலரும் 39ஆம் வசனத்துக்கு, காற்று அமர்ந்த இடத்துக்கு, ஓடிவிடுகிறார்கள். 38ஆம் வசனத்தில் நில்லுங்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று சீஷர்கள் கேட்டது இன்றைக்குச் சபையே கேட்கிற கேள்வி. அதை இயேசுவிடமே கேட்கலாம் என்று பாடம் காட்டுகிறது. முதல் ஞாயிறுக்கு அந்த ஒரு செய்தி போதும்.

கெடுகிற இடங்கள் சில உண்டு. "பாவத்துக்குத் தண்டனை" என்ற பேச்சு யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்தே தீரும். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப்பற்றி இயேசு "அப்படியல்ல" என்றார். லூக்கா 13 அதற்குத்தான். ஆனால் அங்கேயே வருகிற மனந்திரும்புதல் உயிரோடிருந்து கேட்டவர்களுக்குச் சொன்னது. அதைச் செத்தவர்மேல் தீர்ப்பாக மாற்றிவிடாதீர்கள். ஜலப்பிரளயத்தால் உலகம் அழிந்த நோவாவின் கதை இந்த மாதம் வேண்டவே வேண்டாம். "ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை" என்கிற ஏசாயா 43:2, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பப்போகிற ஜனத்துக்குச் சொன்னது. அண்ணனை ஆற்றில் பறிகொடுத்தவன் அதைக் கேட்டால், என் அண்ணன்மேல் மட்டும் ஏன் புரண்டது என்று நினைப்பான். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்கிற ரோமர் 8:28ஐ நாலைந்து மாதம் கழித்து எடுக்கலாம்.

இன்னொன்று சாட்சி நேரம். அன்றைக்கு அதை நிறுத்திவிடுங்கள். "எங்க வீட்டு வாசல்வரை வந்த தண்ணி கர்த்தர் கிருபையால் உள்ளே வரலை" என்று ஒருவர் எழுந்து சொன்னால், பக்கத்துப் பெஞ்சில் வீடு இடிந்தவர் தலை குனிந்து இருப்பார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையை ரத்துசெய்ய வேண்டியதில்லை. ஏரோது கொன்ற குழந்தைகளுக்காக ராகேல் ஆறுதலடையாமல் அழுகிற மத்தேயு 2:18 பிறப்பின் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசித்துவிட்டு, கீர்த்தனை இரண்டோடு முடித்துக்கொள்ளலாம். ஜோடனைப் பணத்தை அரிசிக்குத் திருப்பலாம்.

பந்தி விஷயத்தில் நம் சபைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அசனம் போட்டுப் பழகிய கைகள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, 200 பேருக்கு 30 கிலோ. பொட்டலமாகப் போகிறதென்றால் புளிச்சோறு கட்டுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு மாலைக்குள் ஊசிப்போகும். கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். லாரித் தண்ணீரானாலும் தளதளவென்று கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டவருக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

பட்டியலைச் சபைக் கணக்குப்படி எடுக்காமல் தெருப்படி எடுங்கள். சந்தா கட்டாதவர், கோயிலுக்கே வராதவர், எல்லாரும் அதில் வருவார்கள். அரிசிப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். பசித்தவனிடம் விலை கேட்பதுபோல் ஆகும். பழைய துணி வந்து குவியும், அது யாருக்கும் உதவாது. புதுப் பாய், போர்வை, நைட்டி, உள்ளாடை, நாப்கின், ஒரு குண்டான் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வருகிற காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிறு வரவு செலவை வாசிக்க வேண்டும். யூதேயாவின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடி கூட ஆள் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21).

அறிவிப்பு நேரத்தையும் வீணாக்காதீர்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் நனைந்தவர்களுக்கு மறுநகல் வாங்க மனு எழுதிக்கொடுக்க, கோயில் வாசலில் மேசை போட்டு வாலிபர் சங்கத்தார் இருவரை உட்கார வையுங்கள். பயிர்ச் சேதத்துக்குச் சேறு அள்ளுமுன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பதானால், எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், ஊரில் கூப்பிட்டது வேறாக இருக்கும்.