அக்ரிலிக் ஷீட்டை வீட்டில் வளைக்க: கடல்காற்று கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள்

ரவுட்டருக்கு மூடி, போன் ஸ்டாண்ட், எலக்ட்ரானிக்ஸ் போர்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி. கடலூர், புதுச்சேரி பக்கம் உப்புக்காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது என்பதால் இதற்கெல்லாம் பிளாஸ்டிக்தான் சரி. ஒட்டிச் செய்வதைவிட வளைத்துச் செய்தால் பார்க்கவும் அழகு, பலமும் அதிகம். 3 மில்லிமீட்டர் தடிமன் அக்ரிலிக்கில் (கண்ணாடி மாதிரி விறைப்பான பிளாஸ்டிக்) தொடங்குங்கள். பெயர்ப்பலகை செய்கிற கடையில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும், பழக அதுவே போதும்.

முதலில் கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூலையில் ஒரு சின்னத் துண்டைக் குறடால் மடக்கிப் பாருங்கள்: படக்கென்று உடைந்தால் பெரும்பாலும் அக்ரிலிக், உடையாமல் மடங்கினால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். வெள்ளையாக, லேசாக, நுரை மாதிரி இருக்கும் சன்போர்டு பிவிசி வகை. அது குறைந்த சூட்டிலேயே இளகிவிடும், ஆனால் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சு எரியும். என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாத துண்டைச் சூடுபடுத்தவே வேண்டாம்.

கருவி என்று பார்த்தால், கொதிக்கும் காற்றை ஊதும் ஹீட் கன் ஒன்று போதும். அடுப்புத் தீயில் காட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம், அக்ரிலிக் நன்றாகவே தீப்பிடிக்கும். 2000 வாட் ஹீட் கன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதனால் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகாமல் 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். கைக்குப் பருத்தி அல்லது தோல் கையுறை. நைலான் கையுறை சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி காற்று. இந்த வேலையைப் பாதி கெடுப்பது அதுதான். புகை போக வேண்டும் என்று மொட்டை மாடிக்குப் போவீர்கள், அது சரிதான், ஆனால் நம் கரையில் கோடைக்காலத்தில் மதியவாக்கில் கடல்காற்று கிளம்பிவிட்டால் ஷீட்டின் ஒரு முகம் ஆறிக்கொண்டே இருக்கும், மறுமுகம் கொதிக்கும், வளைக்கும்போது கோணல் வரும் அல்லது விரிசல் விடும். காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில், கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டுக்குள் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

வெட்டுவது, துளை போடுவது, ஓரத்தை உப்புத்தாளால் தேய்ப்பது எல்லாம் ஷீட் தட்டையாக இருக்கும்போதே முடியட்டும். வெட்டு ஓரத்தில் பல் பல்லாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வளைவுக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் துளை இருந்தால் அது நீள்வட்டமாக இழுபடும். அளவிலும் கவனம் வேண்டும்: 3 மில்லி ஷீட்டை உள்வளைவு ஆரம் 3 மில்லியாக 90 டிகிரி மடக்கினால் அந்த வளைவு மட்டும் சுமார் 7 மில்லி நீளத்தை எடுத்துக்கொள்ளும். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பெட்டியின் மூடி பொருந்தாது.

மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு மரச்சட்டங்களை 10 மில்லி இடைவெளியில் ஷீட்டின் மேல் வையுங்கள், சூடு அந்தக் கோட்டில் மட்டும் விழும். வளையும்போது வெளிப்பக்கமாக வரப்போகும் முகத்தில்தான் முதலில் காட்ட வேண்டும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் கோட்டின் முழு நீளத்துக்கும் போய் வந்துகொண்டே இருங்கள், நடுநடுவே ஷீட்டைத் திருப்பிப் போடுங்கள். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பித்தாலும் நன்றாக வளைவதற்கு 150, 160 வரை வேண்டும், அந்தச் சூடு ஷீட்டின் நடுத்தடிமன் வரை இறங்க வேண்டும். பந்தி இலையை அனலில் வாட்டும் பக்குவம்தான்: அவசரப்பட்டால் மேல் கருகும், உள்ளே விறைப்பு போகாது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கும்போது மறுமுனை தன் எடையிலேயே தொங்கினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். விறைப்பாக இருக்கும்போது அழுத்தாதீர்கள்.

நேர்க்கோணத்தில் செதுக்கிய ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, இன்னொரு கட்டையால் மெதுவாக, ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். கை பொறுக்கிற சூடு வரும்வரை விடாதீர்கள், கொஞ்சம் முன்னாடியே விட்டாலும் திரும்பி நிமிரும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணி போட்டால் உள்ளே இழுவிசை தங்கி, பின்னாளில் மயிரிழை மயிரிழையாக விரிசல் தெரியும். கோணம் தப்பிவிட்டதா? அதே இடத்தை மறுபடி சூடுபடுத்துங்கள், அக்ரிலிக் தன் பழைய தட்டை வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், அப்புறம் சரியாக மடக்கிக்கொள்ளலாம்.

கோட்டில் குமிழி வந்தால் சூடு அதிகம், அல்லது ஷீட் ஈரம் குடித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். பாலிகார்பனேட் இதில் இன்னும் மோசம், அதைச் சூட்டில் வளைக்கும் முன் 120 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்த வேண்டும். வீட்டில் அந்த வசதி இல்லை என்றால் 2 மில்லி பாலிகார்பனேட்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவே இறுக்கிச் சூடே இல்லாமல் மடக்கிவிடுவது மேல்.

வளைத்த பொருளை ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், வளைவில் உடனே விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.