மேசைக் கணினியில் ரேம் பொருத்தும்போது
புதிய ரேம் வாங்குமுன், உங்கள் மதர்போர்டு ஏற்பது டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் 288 பின்களே இருந்தாலும், அடிவிளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது.

மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிய பின், கேபினெட்டின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டில் முதல் இரண்டிலும் அடுத்தடுத்துச் செருகிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான போர்டுகளில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் ஒரே வகை ரேம்கள் இரண்டைப் பொருத்தினால்தான் டூயல் சேனலின் (இரண்டு ரேம்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகம் கூட்டும் முறை) முழுப் பயன் கிடைக்கும். ஐயமிருந்தால் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

ரேமின் வெட்டை ஸ்லாட்டிலுள்ள மேட்டுக்கு நேராக வைத்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். போர்டு லேசாக வளைவதைக் கண்டு பயந்து பாதியில் கையை எடுத்துவிடுவோர் உண்டு (நானும் அப்படித்தான் இருந்தேன்). 'டக்' என்ற ஓசையுடன் ஸ்லாட்டின் முனையிலுள்ள கிளிப் தானாக மூடும்வரை அழுத்தத்தான் வேண்டும்.

டிடிஆர்5 எனில், முதல்முறை இயக்கும்போது போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொள்வதால், திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.