சட்ட உதவி வழக்கு பில்: தாமதமில்லாமல் வாங்க ஒரு குமாஸ்தாவின் வழி

தர்மபுரியில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் சீனியரும் ஜூனியர் மேடமும் இலவச சட்ட உதவி வழக்குகளுக்கு வக்கீல் தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலில், அதாவது வக்கீல் பட்டியலில், இருக்கிறார்கள். கட்டணத்தைக் கட்சிக்காரர் அல்ல, ஆணைக்குழுதான் தரும். வாதாடுவது அவர்கள் பாடு, பில் என் பாடு. "இலவச சட்ட உதவி கேஸா? காசு வந்த மாதிரிதான்" என்று கோர்ட் வாசல் டீக்கடையில் சொல்லுவார்கள். நிதி வராமல் நிற்கும் பில்லுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காகிதம் குறைவாக இருப்பதால் நிற்கிற பில்லும் நிறைய உண்டு. அதை நாமே தடுக்கலாம்.

வழக்கு ஒப்படைத்து ஆணைக்குழு தரும் நியமன ஆணை கைக்கு வந்த அன்றே பில் வேலையும் தொடங்கிவிடுகிறது. முதலில் பெயரைப் பாருங்கள். நம் பக்கத்தில் ஜீவனாம்சம், குடும்ப வன்முறை வழக்குகள்தான் அதிகம் வரும். வழக்குப் போடும் அம்மாவுக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயர். ஆணையில் 'மா. லட்சுமி', மனுவில் 'லட்சுமி, க/பெ சின்னசாமி' என்று இருந்தால், வழக்கு முடிந்தபின் பில்லைப் பார்க்கிறவருக்கு இருவரும் ஒருவர்தானா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். மனு போடும்போதே 'மா. லட்சுமி என்கிற லட்சுமி' என்று இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிவிடுவேன். ஆணையிலேயே பிழை என்றால் உடனே ஒரு கடிதம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். தீர்ப்புக்கு அப்புறம் அந்தத் திருத்தம் பெரிய வேலை.

அடுத்தது வழக்கு எண். பலரும் விடுவது இதைத்தான். நியமனம் ஆகும்போது பெரும்பாலும் வழக்கே தாக்கலாகியிருக்காது, ஆணையில் எண் இருக்காது. தாக்கல் செய்து எண் ஆனதும், அந்த எண்ணையும், கோர்ட் கணினிப் பதிவில் வழக்குக்குக் கிடைக்கும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணையும் ஒரு கடிதத்தில் எழுதி, நியமன ஆணை எண்ணைக் குறிப்பிட்டு ஆணைக்குழுவுக்குத் தெரிவியுங்கள். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறினாலும் இதே வேலை. இது இல்லாவிட்டால் அவர்கள் பதிவேட்டில் அந்த நியமனம் ஒரு பக்கம், நம் பில் இன்னொரு பக்கம் கிடக்கும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். அரூர் தர்மபுரி மாவட்டம், அடுத்திருக்கும் ஊத்தங்கரை கிருஷ்ணகிரி மாவட்டம். கட்சிக்காரர் அரூரில் விண்ணப்பித்திருப்பார், வழக்கு ஊத்தங்கரையில் நடக்கும். எந்தக் கோர்ட் என்று பார்த்து பில்லை அனுப்பாதீர்கள். நியமன ஆணையில் யார் கையெழுத்து இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வாய்தாக் குறிப்பு சலிப்பான வேலைதான், ஆனால் தப்பிக்க முடியாது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறைப்படி வழக்கின் போக்கைப் பார்க்கக் கண்காணிப்புக் குழு உண்டு, அதற்கு நாம் அறிக்கை தர வேண்டும். தேதி, யார் ஆஜர், என்ன நடந்தது என்று ஒரு வரி போதும். ஒன்றும் நடக்காத வாய்தாவையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், சம்மன் திரும்பித் திரும்பி வரும். வழக்கு ஏன் இழுத்தது என்று யாராவது கேட்டால் அந்த வரிகள்தான் பதில்.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிந்தால் தீர்ப்பு என்று தனியாக வராது, அங்கே தரும் அவார்டின் நகலை வைக்க வேண்டும். கட்சிக்காரர் வராமல் வழக்கு தள்ளுபடியானாலும் அந்த உத்தரவின் நகல் வேண்டும். 'தோற்ற கேஸுக்கு என்ன பில்' என்று சில ஜூனியர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கட்டணம் செய்த வேலைக்கு, கேளுங்கள்.

தொகையை மாநில ஆணைக்குழுவின் கட்டண அட்டவணைப்படி மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுதினால் வெட்டுவார்கள், வெட்டுவதற்குள் கோப்பு இன்னொரு சுற்று போய் வரும். வழக்குக்கு ஒரு பில், நியமன ஆணை நகல் மேலே, தீர்ப்பு நகல் கீழே. ரசீதில் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். நம் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

வங்கி விவரத்தைப் பழைய பில்லைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். நம் ஊர்களில் பலருக்குப் பல்லவன் கிராம வங்கியில்தான் கணக்கு இருந்தது. 2019ல் அது பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. 2020ல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் இருக்கிற ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொடுத்தால் பணம் போன வழியே திரும்பிவிடும். ரத்தான காசோலை ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து மார்ச் கடைசியில் கட்டாகக் கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அப்போது எல்லா ஆபீஸ் கட்டும் அந்த மேசையில்தான் இருக்கும். மார்ச் 31க்குள் பணமாகாவிட்டால் அடுத்த நிதி ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். வழக்கு முடிய முடியக் கொடுங்கள்.

கட்சிக்காரரிடம் கை நீட்டவே கூடாது. உதவி பெறுகிறவரிடமோ அவர் சார்பில் வேறு யாரிடமோ கட்டணம் வாங்க அந்த 2010 ஒழுங்குமுறையே தடை போட்டிருக்கிறது. 'ஜெராக்ஸ் செலவுக்கு' என்று வாங்கினாலும் ஒரு புகார் போனால் பேனல் இடமே ஆட்டம் காணும், பில்லை யார் பார்ப்பார்கள்?

பணம் வரவில்லையா, வாயால் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பில் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, 'குறை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்' என்று செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அவரும் ஒரு நீதிபதிதான், தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அங்கே சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, கடிதத்துக்குக் கோப்பில் இடம் உண்டு.

பணம் குறைவாக ஏறியிருந்தால் முதலில் வரிப் பிடித்தமா என்று பாருங்கள். ஆண்டுக் கட்டணம் வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டாலும், ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்திருந்தாலும் 20 சதவீதம். எங்கள் ஜூனியர் மேடத்தின் பான் எண்ணை நான் ஆதாரோடு இணைத்துக் கொடுத்த பிறகுதான் முதல் பில்லையே எழுதினேன்.