வயசானவங்க தனிமையும் மூளையும்: நல்லது பண்றோம்னு நினைச்சு நாம செய்ற தவறுகள்

"வீட்ல அஞ்சு பேரு இருக்கோம், அப்பாவுக்கு என்ன தனிமை"ன்னு நானே சொல்லிருக்கேன். அதச் சொன்ன அன்னைக்கு அப்பா எங்க கூடத்தான் ஹால்ல உக்காந்திருந்தாரு. நாங்க பேசிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு இருக்கோம், அவரு ஒவ்வொருத்தர் முகத்தையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு, நாங்க சிரிச்சா ஒரு செகண்ட் கழிச்சு அவரும் சிரிக்கிறாரு. அந்த ஒரு செகண்ட கவனிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. காது சரியா கேக்கல, திருப்பிக் கேட்டா நமக்குத் தொந்தரவுன்னு நினைச்சு சும்மா சிரிச்சே சமாளிச்சிருக்காரு மனுஷன்.

இதான் முதல் தவறு, தலைய எண்றது. தனியா இருக்கறது வேற, தனிமையா உணர்றது வேற. தனியா வாழ்ற ஒருத்தருக்கு தெனமும் மனசுவிட்டுப் பேச ரெண்டு பேர் இருக்கலாம், நெறஞ்ச வீட்ல இருக்கறவருக்கு ஒருத்தர்கூட இல்லாமப் போகலாம். தனிமைய அளக்க ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப காலமா பயன்படுத்துற மூணு கேள்வி இருக்கு: துணைக்கு ஆள் இல்லன்னு எவ்ளோ அடிக்கடி தோணுது, ஒதுக்கி வெச்ச மாதிரி எவ்ளோ அடிக்கடி தோணுது, மத்தவங்ககிட்ட இருந்து விலகிப்போன மாதிரி எவ்ளோ அடிக்கடி தோணுது. மூணுல ஒண்ணுகூட வீட்ல எத்தன பேர்னு கேக்கல பாருங்க.

மூளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, நெறயவே இருக்கு. 6 லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட தகவல்கள சேத்து அலசின ஒரு ஆய்வு 2024ல வந்துச்சு, தனிமைய உணர்றவங்களுக்கு டிமென்ஷியா வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட சுமார் 31 சதவீதம் அதிகம்னு அதுல தெரிஞ்சுது. இதப் படிச்சிட்டு தனிமையா இருந்தா மறதி நோய் வந்தே தீரும்னு எடுத்துக்காதீங்க, ரிஸ்க் கூடுதுங்கறது வேற, வந்துடும்ங்கறது வேற, இத சொல்லி பெரியவங்கள பயமுறுத்தறதும் ஒரு தவறுதான். ஒரு சாதாரண அரட்டையில மூளை எவ்ளோ வேலை பாக்குதுன்னு யோசிங்க, காதுல விழுறத பிரிச்சு புரிஞ்சுக்கணும், பழசு ஒண்ண ஞாபகத்துல தேடணும், சரியான வார்த்தைய புடிக்கணும், எதிராளி முகத்தப் படிக்கணும், நம்ம முறை வர்ற வரைக்கும் சொல்ல வந்தத மறக்காம வெச்சிருக்கணும், இது எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது. பேச்சு நின்னா இந்தப் பயிற்சி மொத்தமும் நின்னுடுது. கூடவே நாள்பட்ட தனிமையில தூக்கம் துண்டு துண்டாகும், கார்ட்டிசால் மாதிரி மன அழுத்த ஹார்மோன் ஏறும், நடை குறையும், மாத்திரை போடறதுல அக்கறை போகும், பிபியும் சுகரும் கைய மீறும், இது ஒவ்வொண்ணும் மூளையத்தான் போய்த் தாக்குது.

காது விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எங்க வீட்ல சறுக்கினதே அங்கதான். லான்செட் கமிஷன், அதாவது லான்செட்ங்கற மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழு, 2024ல டிமென்ஷியாவுக்கு நாம மாத்தக்கூடிய காரணங்கள்னு 14 பட்டியல் போட்டாங்க, எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல வர்ற டிமென்ஷியால 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்குன்னு கணக்கு சொன்னாங்க. சமூகத்துல இருந்து ஒதுங்கிப்போறது அந்தப் பட்டியல்ல இருக்கு, காது மந்தமும் இருக்கு, பல வீட்ல ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சு இழுத்துக்கிட்டே போகுது. கேக்கலன்னா பேச்சுல கலந்துக்க முடியாது, கலந்துக்கலன்னா கூப்பிட மாட்டாங்க. "என்ன சொன்ன?"ன்னு பெரியவர் கேக்குறாரு, நாம "ஒண்ணுமில்ல, விடுங்க"ங்கறோம். எனக்குத் தெரிஞ்சு வயசானவங்க கிட்ட சொல்லக்கூடாத முதல் வார்த்த இதான், இன்னொரு தடவ சொல்ற அளவுக்குக்கூட நீங்க முக்கியம் இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம் ஆகுது.

அப்புறம் ஹியரிங் எய்ட் வாங்கிக் குடுத்துட்டு கடமை முடிஞ்சுதுன்னு போயிடறது. முதல் சில வாரம் தட்டு சத்தம், ஃபேன் சத்தம், பேப்பர் சத்தம் எல்லாம் காதுக்குள்ள வந்து விழும், அது எரிச்சலா இருக்கும், அப்ப கழட்டி டிராயர்ல போட்டாங்கன்னா அப்புறம் வெளிய வர்றது கஷ்டம். திரும்பத் திரும்ப கூட்டிட்டுப் போய் அளவ சரி பண்ணணும், வீட்ல பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசி பழக்கணும். அமெரிக்காவுல 70 வயசுல இருந்து 84 வயசு வரைக்கும் உள்ளவங்கள வெச்சு 3 வருஷம் நடந்த ஒரு ஆய்வோட முடிவு 2023ல வந்துச்சு. எல்லாரையும் சேத்துப் பாத்தா ஹியரிங் எய்ட் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஏற்கனவே ரிஸ்க் அதிகமா இருந்த குரூப்ல யோசிக்கிற திறன் குறையற வேகம் 48 சதவீதம் கம்மியா இருந்துச்சு. எல்லாருக்கும் மந்திரம் மாதிரி வேலை செய்யும்னு நான் சொல்ல வரல, ஆனா பேச்சுக்குள்ள திரும்ப வர்றதுக்கு இது இல்லாம வழி கெடையாது. இன்னொரு சின்ன விஷயம், அடுத்த ரூம்ல இருந்து கத்தாதீங்க, நேர்ல வந்து முகம் தெரியற மாதிரி நின்னு பேசுங்க, பாதிப் பேச்ச அவங்க கண்ணாலதான் கேக்குறாங்க.

அடுத்தது "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்". அன்புலதான் சொல்றோம், சந்தேகமே இல்ல. ஆனா பேங்க் வேலைய வாங்கிக்கிட்டோம், சமையல வாங்கிக்கிட்டோம், முடிவெடுக்கறதையும் வாங்கிக்கிட்டோம், கடைசில அவங்க கையில மிஞ்சினது ரிமோட் மட்டும்தான். மனுஷனுக்கு மனுஷன் தேவைங்கறது பாதிதான், நான் யாருக்காவது தேவைப்படணும்ங்கறது மீதி பாதி. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல எக்ஸ்பீரியன்ஸ் கோர்னு ஒரு திட்டம் நடந்துச்சு, 60 வயசு தாண்டினவங்க ஸ்கூலுக்குப் போய் சின்னப் பசங்க படிப்புக்கு உதவி பண்ணுவாங்க, வாரத்துக்கு 15 மணி நேரம். 2 வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப, வயசானா சாதாரணமா சுருங்கற மூளைப் பகுதிகள் அதுல இருந்தவங்களுக்கு, முக்கியமா ஆம்பளைங்களுக்கு, சுருங்காம இருந்துச்சு. அவங்க அங்க போனது டைம் பாஸுக்கு இல்ல, அவங்க வரலன்னா ஒரு கொழந்தைக்கு அன்னைக்கு பாடம் நின்னுடும். மெதுவாத்தான் செய்வாங்க, தப்பும் வரும், பரவால்ல, வேலைய முழுசா புடுங்காதீங்க. பேசும்போது ஒரு பேர் ஞாபகம் வராம தடுமாறினா உடனே எடுத்துக் குடுக்காதீங்க, ஒரு நாலஞ்சு செகண்ட் பொறுங்க, பல தடவ அவங்களே புடிச்சிடுவாங்க.

வெளியூர்ல இருக்கறவங்க பண்றது போன் தப்பு. சாப்ட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, தூக்கம் வந்துச்சா, சரி வெச்சிடறேன். இது பேச்சு இல்ல, வருகைப் பதிவு. ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வியில மூளைக்கு வேலையே கெடையாது. ஐ-கனெக்ட்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 75 வயசுக்கு மேல தனிச்சுப்போய் இருந்தவங்க கிட்ட வாரத்துக்கு 4 நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிஷம் வீடியோ கால்ல பயிற்சி எடுத்தவங்க பேசினாங்க, இன்னொரு குரூப்புக்கு வாரத்துக்கு ஒரு 10 நிமிஷ நலம் விசாரிக்கிற போன் மட்டும். 6 மாசம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப முதல் குரூப் கொஞ்சம் நல்லா பண்ணாங்க. அங்க நடந்தது வெறும் பேச்சுதான், ஒரு படத்தக் காட்டி, ஒரு விஷயத்த எடுத்துப் போட்டு, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கறது. நீங்களும் ஒரு பழைய போட்டோவ அனுப்பி "இதுல ஓரமா நிக்கறது யாரு, அப்ப என்ன நடந்துச்சு"ன்னு கேட்டுப் பாருங்க, முக்கா மணி நேரம் போறதே தெரியாது. டிவி ஓடுதே, போன்ல வீடியோ பாக்குறாரேன்னு நிம்மதி ஆகிடாதீங்க, அது ஒரு பக்கமா பேசும், பதில் கேக்காது.

அப்புறம் ஒருநாள் நமக்கே குத்த உணர்ச்சி வந்து, அவங்கள இழுத்துட்டுப் போய் தெரியாத கூட்டத்துல உக்கார வெச்சிட்டு வர்றது. ஜான் கசியோப்போன்னு தனிமையப் பத்தியே வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி பண்ண சைக்காலஜிஸ்ட் இருந்தாரு, அவரு திரும்பத் திரும்ப சொன்ன விஷயம், ரொம்ப நாள் தனிமையில இருந்த மனசு மத்தவங்க நம்மள ஒதுக்கிடுவாங்கன்னு உஷாரா காத்துக்கிட்டே இருக்கும்ங்கறது. சும்மா திரும்பிப் பாக்காமப் போனா கூட அவமானமா படும். அதனால "யாரும் என்ன மதிக்கல"ன்னு அவங்க சொன்னா "நாங்க என்ன கொற வெச்சோம்"னு சண்டைக்குப் போகாதீங்க. கூட்டம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரே ஒரு ஆள், ஒரே நேரம், வாரா வாரம் தவறாம.

கடைசியா, எல்லாத்துக்கும் தனிமைதான் காரணம்னு நாமளே முடிவு கட்டறது, இல்லன்னா "வயசாச்சு, அப்டித்தான்"னு விட்டுடறது, ரெண்டுமே ஆபத்து. நல்லாப் பேசிட்டு இருந்தவர் ஒதுங்க ஆரம்பிக்கறதே டிமென்ஷியாவோட ஆரம்ப அறிகுறியா இருக்கலாம், டிப்ரஷனா இருக்கலாம், தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரையால வர்ற மந்தமா கூட இருக்கலாம், இதுல பலதும் சரி பண்ணக்கூடியது. ஒரே நாள்ல, ரெண்டு நாள்ல திடீர்னு குழப்பமாப் பேசினா தள்ளிப்போடாம உடனே ஆஸ்பத்திரி போங்க, அது இன்ஃபெக்ஷனா, ஸ்ட்ரோக்கான்னு பாக்கணும். மெதுவா வர்ற மாற்றம்னா எப்ப இருந்து, எத முதல்ல விட்டாங்க, என்னென்ன மாத்திரை போடறாங்கன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. உள்ள போனதும் டாக்டர் அவங்களப் பாத்துக் கேக்கும்போது நீங்க முந்திக்கிட்டு பதில் சொல்லாதீங்க. நான் அப்டி சொல்லிக்கிட்டே இருந்தேன், அந்த டாக்டர்தான் என்ன கைகாட்டி நிறுத்திட்டு நாற்காலிய அப்பா பக்கம் நகத்திப் போட்டாரு.